குறுக்கே போட்ட தழை

புளிச்சங்கொல்லை,
ஜவ்வாது மலை.
15-6-1981

மாமாவுக்கு பாஞ்சாலை எழுதிக்கொண்டது.

இங்கே நான் சௌக்கியம். ஆடு ஏழும் சௌக்கியம். கருப்பாடு மட்டும் நீங்க போன நாள்லேர்ந்து சரியாத் தின்ன மாட்டேங்குது. உங்க மேல அதுக்கு இருக்கிற பாசம் எனக்கு இல்லை போல. நான் ரெண்டு வேளையும் நல்லாத் தின்றேன்.

இந்தக் கடுதாசியை சுகந்தி டீச்சர்தான் உங்களுக்குப் படிச்சுக் காட்டுவாங்கன்னு தெரியும். டீச்சரம்மா, உங்களை நான் பாத்ததில்லை. கோபால்சாமி சார்கிட்ட படிக்கிறவங்க, வேலூர் காலேஜ்ல பாடமும் எடுக்கிறவங்கன்னு இவர் சொன்னதுதான். மணாலி அட்ரஸை இங்கிலீஷ்ல எழுதி ஆறு கவர் குடுத்து அனுப்பினீங்களே, அதுக்கு நமஸ்காரம். நான் மூணாம் கிளாஸ்தான். எழுத்து ஆட்டுப் புழுக்கை மாதிரி அங்கங்க சிதறிக் கிடக்கும். தப்பு இருந்தா திருத்திப் படிக்காதீங்க. அவர் காதுல நான் பேசுற மாதிரியே விழணும்.

மாமா, அன்னிக்கு ஆலங்காயம் பஸ்ல ஏறி ஜன்னலோரம் உக்காந்தீங்க. கீழ நான் நிக்கிறேன், கையில உங்க துண்டு. மறந்து என்கிட்டயே வச்சிட்டீங்க. கூப்புடுறேன், கூப்புடுறேன், நீங்க நேரா முன்னாடி பாத்துக்கினு கல்யாண மாப்பிள்ளை கணக்கா உக்காந்திருக்கீங்க. முதல் வளைவு வரைக்கும் பாத்துக்கினே நின்னேன். நீங்க திரும்பல. பஸ்தான் திரும்புச்சு.

பக்கத்து வூட்டு பெரியம்மாள் வந்து, உங்க வூட்டுக்காரர் ஆகாசத்துல போறாராமேன்னு கேட்டா. எங்க வூட்டுக்காரர் எந்தக் காலத்துல தரையில இருந்தாருன்னு சொல்லி அனுப்பினேன். ஆனா அவ போனப்புறம் வானத்தைப் பாத்தேன். ஒரு பருந்து போச்சு. அது மேலயும் எனக்குக் கோவம் வந்துச்சு.

பொறாமைன்னு நெனைக்காதீங்க. பொறாமைதான்.

சார் நம்ம காட்டுக்கு வந்து செடி சேர்க்க ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆகுது. இது இன்னா செடி, இதோட வேர் எதுக்கு, எந்த மாசம் பூக்கும்னு கேட்டா நான் கிள்ளி மோந்து பாத்துச் சொல்வேன். நீங்க வெட்டி, பேப்பர்ல வச்சுக் கட்டி, மூட்டையைத் தூக்குவீங்க. இப்ப வடக்கே பனி மலையில செடி சேர்க்கப் போறாங்க, மலை ஆள் ஒருத்தர்தான் வேணும்னு சொன்னாங்க, உங்களைக் கூப்பிட்டாங்க. பொம்பளையைக் கூப்பிட மாட்டாங்கதான். தெரிஞ்ச கதைதான். ஆனாலும் மனசுன்னு ஒண்ணு இருக்குதே, அது மூணாம் கிளாஸ்கூடப் படிக்கல.

நம்ம வழக்கம் டீச்சருக்குத் தெரியாது, சொல்லி வைக்கிறேன். காட்டுல முன்னால போறவங்க ரெண்டு வழி பிரியற இடத்துல, போகக் கூடாத வழியில பச்சைத் தழை ஒண்ணை ஒடிச்சுக் குறுக்கே போட்டுட்டுப் போவாங்க. பின்னால வர்றவங்க அதைப் பாத்து மத்த வழியில போகணும். கூப்பாடு வேணாம், கேள்வி வேணாம். மாமாதான் எப்பவும் முன்னால. நான் செடி கொடியெல்லாம் பாத்துக்கினு பின்னால மெதுவா வருவேன். இருபத்தாறு வருஷத்துல அவர் போட்ட தழையை ஒரு தடவைகூடத் தாண்டினது கிடையாது. இந்தத் தடவை எந்தப் பக்கமும் தழை போடாம பஸ் ஏறிட்டாரு. நான் எந்தப் பக்கம் போறது?

ப்ளேன்ல எச்சில் எங்க துப்புவாங்க? ஜன்னல் திறக்குமா? பட்டுப் புடவை கட்டின பொண்ணுங்க மிட்டாய் தட்டை நீட்டுவாங்களாமே. நீங்க எத்தனை எடுத்தீங்க? ஒண்ணு விடாம எழுதச் சொல்லுங்க.

துண்டை எடுத்து வச்சிருக்கிற,
பாஞ்சாலை


மணாலி
28-6-1981

அன்புள்ள பாஞ்சாலைக்கு உன் கணவன் சின்னக்குழந்தை எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் அனைவரும் நலம். வேலூரிலிருந்து பஸ்ஸில் சென்னைக்கு வந்தோம். மீனம்பாக்கத்தில் போலீஸ்காரர் என் இடுப்பில் இருந்த கொடுவாளைப் பார்த்துவிட்டு ஓரமாக நிற்கச் சொன்னார். மலையில் எல்லோரும் வைத்திருப்பதுதான் என்று சொன்னேன். ப்ளேனை வெட்டப் போகிறாயா என்று கேட்டார். கோபால்சாமி சார் வந்து பேசி, கொடுவாளைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டு அனுப்பினார்கள்.

ப்ளேனில் ஜன்னல் திறக்காது. காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள். மேலே ஏறிய பிறகு வெண்பஞ்சுக் குவியல்களைப் போன்ற மேகக் கூட்டம் எங்களுக்குக் கீழே இருந்தது. மார்கழிக் காலையில் நம் மேட்டில் நின்று ஆலங்காயம் பக்கம் பார்த்தால் பனி எப்படி ஊரை மூடியிருக்குமோ அப்படி. மிட்டாய் இரண்டு எடுத்தேன். ஒன்று தின்றேன். ஒன்று உனக்காகச் சட்டைப் பையில் இருக்கிறது.

டெல்லியிலிருந்து மணாலிக்கு இரண்டு பஸ் மாறி வந்தோம். வளைவுகள் அதிகம். பிரயாணம் சுகமாக இருந்தது. இங்கே மரங்கள் கோபுரம் போல உயரமாக நிற்கின்றன. இங்கிருந்து நடந்து கணவாய்க்கு மேலே போகிறோம். பத்து நாள் மலையில் இருப்பதும், மூன்று நாள் கீழே வந்து ஓய்வதுமாக வேலை நடக்கும். கம்பளிச் சட்டை போதுமானதாக இருக்கிறது.

கருப்பாட்டுக்கு வேப்பந்தழை கொஞ்சம் கொடுத்துப் பார்.

இப்படிக்கு,
சின்னக்குழந்தை


புளிச்சங்கொல்லை
9-7-1981

மாமாவுக்கு பாஞ்சாலை.

கடுதாசி வந்தது. நாலு தடவை படிச்சேன். முதல் தடவை சேதிக்கு, அடுத்த மூணு தடவை கையெழுத்துக்கு. டீச்சரம்மா கையெழுத்து அவரைக்கொடி பந்தல்ல படர்ந்த மாதிரி அழகா இருக்குது. அந்தக் கையெழுத்துல என் பேரைப் பாத்தப்ப யாரோ பெரிய வூட்டுப் பொம்பளை பேரு போல இருந்துச்சு.

வெண்பஞ்சுக் குவியல்களைப் போன்ற மேகக் கூட்டம். ஆமாவா மாமா? இருபத்தாறு வருஷமா என்கூட இருந்து, “மழை வரும் போலகீது”ன்னு சொன்னதுக்கு மேல ஒரு வார்த்தை மேகத்தைப் பத்திப் பேசினது கிடையாது. பதினஞ்சு நாள் டீச்சர்கூட இருந்ததுக்கே குவியல் வந்துடுச்சு. திரும்பி வர்றதுக்குள்ள பாட்டே கட்டுவீங்க. ஆலங்காயத்துப் பனி மாதிரின்னு சொன்னது மட்டும்தான் உங்க வாயிலேர்ந்து வந்தது. அதை மட்டும் நம்பினேன்.

டீச்சரம்மா, இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும், இல்ல கோவம் வரும். எது வந்தாலும் நிறுத்தாம படிங்க. என் புருஷன்கிட்ட நான் பேசுற பேச்செல்லாம் உங்க வாயி வழியாப் போகுது, அவர் பேசுறதெல்லாம் உங்க கை வழியா வருது. நடுவுல எனக்கு இன்னா இருக்குதுன்னு பாத்தா, ஏழு ஆடு. நீங்க நல்லவங்கதான். வயசு இன்னான்னு மட்டும் ஒரு ஓரமா எழுதுங்க.

இப்ப ஒரு சேதி. சிரிக்கக் கூடாது. நான் பஸ் பழகுறேன்.

எனக்கு பஸ்ஸுன்னாலே குமட்டுங்கறது ஊரே அறிஞ்ச விஷயம். கணியம்பாடி கல்யாணத்துக்குப் போய் இறங்கினதும் பொண்ணோட தாய்மாமன் வேட்டி மேலயே வாந்தி எடுத்தேனே, அந்த வேட்டியைப் பத்தி இன்னிக்கும் பேசுறாங்க. ஆனா நீங்க திரும்பி வர்றப்ப நான் மீனம்பாக்கத்துக்கு வரணும். ப்ளேன் எப்படி இறங்குதுன்னு ஒரு தடவை கண்ணால பாக்கணும். ஏறறதுக்குத்தான் கொடுப்பினை இல்ல, பாக்கறதுக்குமா இல்ல?

அதனால சந்தை நாளுக்கு சந்தை நாள் மலை பஸ்ல ஏறி ஆலங்காயம் வரைக்கும் போய், திரும்பி வர்றேன். கண்டக்டர் முனியன் முதல் நாள் என்னைப் பாத்ததும் ரெண்டு சீட்டைக் காலி பண்ணி வச்சிட்டான். முதல் தடவை மூணாவது வளைவுலயே எடுத்துட்டேன். ரெண்டாம் தடவை வாயில பழம்புளி அடக்கிக்கினு ஏழாவது வளைவு வரைக்கும் தாங்கினேன். நேத்து முன்சீட்டுல உக்காந்து, ரோட்டை மட்டும் பாத்துக்கினு, சாமை வயலை எண்ணிக்கினே போனேன். ஆலங்காயத்துல இறங்கினப்புறம்தான் வந்துச்சு. அக்கா, இன்னும் ரெண்டு வாரத்துல உனக்கு டிரைவர் வேலையே குடுத்துடலாம்னு முனியன் சொல்றான்.

ஜன்னலோரம் எவ்வளவு நல்லா இருக்குது மாமா. இத்தனை வருஷம் அந்த எடத்தை நீங்களே வச்சிக்கினு இருந்தீங்களே.

கருப்பாடு வேப்பந்தழை தின்னுச்சு. அதுவும் உங்க பேச்சைத்தான் கேக்குது.

பாஞ்சாலை


மணாலி
22-7-1981

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

நலம். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நீ பஸ் பழகுவது வேண்டாத வேலை. உடம்புக்கு ஆகாது. மீனம்பாக்கத்தில் கூட்டம் அதிகம், உள்ளே விட மாட்டார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆடுகளை யார் பார்ப்பார்கள்? நானே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நீ எங்கும் வராதே.

இப்படிக்கு,
சின்னக்குழந்தை

(தனித்தாளில்)

அன்புள்ள பாஞ்சாலை அம்மாவுக்கு வணக்கம்.

இதை நானாக எழுதுகிறேன். அண்ணனுக்குத் தெரியாது. என் வயது முப்பத்தொன்று. திருமணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறாள், அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் கடிதம் வரும் நாளில் எனக்கும் சந்தோஷம், ஏனென்றால் எனக்கு யாரும் இப்படி எழுதுவதில்லை.

நீங்கள் பஸ் பழகுவதைப் படித்தபோது ஒன்று மனதில் உறுத்தியது. இவ்வளவு ஆசை இருப்பவர் ஏன் எங்களுடன் வர மறுத்தீர்கள்? சார் முதலில் போட்ட பட்டியலில் உங்கள் பெயர்தான் இருந்தது. நான்தான் டைப் அடித்தேன். மார்ச்சில் அண்ணன் செடி மூட்டையுடன் காலேஜுக்கு வந்தபோது சார் அவரிடம் சொல்லி அனுப்பினார். நாலு நாள் கழித்து அண்ணன் மறுபடி வந்து, பாஞ்சாலை அழுகிறாள், ப்ளேன் ஏறினால் செத்துவிடுவேன் என்கிறாள், அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்றார். அதன் பிறகுதான் அவர் பெயரைச் சேர்த்தோம். பயம் என்று எங்களுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் உங்களை ரயிலிலாவது அழைத்து வந்திருப்போம்.

இங்கே ஒரே மாதிரி இலையுள்ள மூன்று செடிகளைப் பிரிக்க முடியாமல் சார் தினமும் சொல்கிறார், பாஞ்சாலை இருந்தால் மோந்து பார்த்தே சொல்லிவிடுவாள் என்று. அண்ணன் அப்போதெல்லாம் அடுப்புப் பக்கம் போய்விடுவார்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். மணாலி பஸ்ஸில் வழியெல்லாம் வாந்தி எடுத்தவர் அண்ணன்தான். எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

சுகந்தி


புளிச்சங்கொல்லை
2-8-1981

சின்னக்குழந்தைக்கு.

டீச்சர் படிக்கிறாங்களேன்னு இதுவரைக்கும் நீங்க வாங்கன்னு எழுதினேன். வூட்டுல கூப்பிடுற மாதிரியே இனிமே கூப்பிடுறேன். டீச்சரம்மா, நீங்க எழுதின தாளை நான் மறைக்கப் போறதில்லை, மன்னிச்சிடுங்க. இதை நிதானமாப் படிங்க. அவர் எழுந்து அடுப்புப் பக்கம் போனா, பின்னாடியே போய்ப் படிங்க.

மாமா, மாசி மாசம் நீ மூட்டை தூக்கிக்கினு வேலூர் போனே. மூட்டையை நான்தான் கட்டினேன், செடி மடங்காம. திரும்பி வந்தப்ப காராபூந்திப் பொட்டலம் வாங்கியாந்தே. நீ தின்பண்டம் வாங்கியாந்ததே கிடையாது. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும். என்னை மட்டும் கூப்பிட்டாங்க புள்ளன்னு சொன்னே. பொம்பளைன்னு விட்டுட்டாங்க போலன்னு நான்தான் சொன்னேன். நீ தலையை ஆட்டினே. பொய்யை நானே செஞ்சு குடுத்திருக்கிறேன், நீ தலையை மட்டும்தான் ஆட்டியிருக்கே.

மறுபடி நாலு நாள்ல வேலூர் போனே. எதுக்குன்னு கேட்டேன், துணி அளவு எடுக்கன்னு சொன்னே. நான் அழறேன்னு சொல்லப் போயிருக்கே. நான் எப்ப அழுதேன்? நம்ம புள்ளை செத்துப் போனப்பகூட நான் காட்டுக்குள்ள போய்த்தான் அழுதேன், உனக்கே தெரியாம. அழுத பொம்பளைன்னு அந்தப் படிச்சவங்க எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கே.

அப்புறம் நான் இன்னா செஞ்சேன் தெரியுமா? உன் சட்டைக்குப் பித்தான் தைச்சேன். பெரியம்மாள் தம்பி பட்டாளத்துலேர்ந்து கொண்டாந்த கம்பளிச் சட்டையை, அவ காலைப் பிடிக்காத குறையா கேட்டு வாங்கியாந்தேன். பனியில உனக்குக் காது வலிக்குமேன்னு பூண்டு எண்ணெய் காய்ச்சிக் குடுத்தேன். என்னை விட்டுட்டு என் எடத்துக்குப் போறவனை நானே தலை வாரி அனுப்பியிருக்கேன்.

டீச்சர் மேல பொறாமைப்பட்டேன். பருந்து மேல பட்டேன். மிட்டாய் குடுத்த பொண்ணு மேலயும் பட்டேன். பட வேண்டிய ஆளு நீதான்னு இப்பத்தான் தெரியுது. என் பேரைக் கேட்டாலே அடுப்புப் பக்கம் போறியாமே.

இருபத்தாறு வருஷம் நீ போட்ட தழையை நான் தாண்டல. இந்தப் பக்கம் பாம்பு இருக்கும், பள்ளம் இருக்கும், மாமா பாத்துட்டுத்தான் போட்டிருப்பான்னு நம்பி மத்த வழியில வருவேன். இப்ப நல்ல வழியிலயே தழையைப் போட்டு வச்சிட்டு, அதுல நீ போய்ட்டே. காட்டுல இப்படிச் செஞ்சவனை நம்ம ஊருல யாரும் முன்னால நடக்க விட மாட்டாங்க. அது உனக்குத் தெரியும். அதான் நீ எழுதல, டீச்சர் எழுதினாங்க.

வாந்தி எடுத்தியாமே. நல்லா எடு.

இந்தக் கவர்ல ஒரு தழை வச்சிருக்கேன். வந்து சேர்றதுக்குள்ள காஞ்சிடும். ஏன் அப்படிச் செஞ்சேன்னு ஒரே ஒரு தடவை, டீச்சர் வார்த்தை இல்லாம, உன் வார்த்தையில சொல்லு. கவர் இன்னும் மூணு மிச்சம் இருக்குது. நான் எழுதறதா இல்லை.

பாஞ்சாலை


மணாலி
15-8-1981

பாஞ்சால,

டீச்சர்கிட்ட சொல்லிட்டேன், நான் சொல்ற மாதிரியே எழுதுங்க, ஒரு வார்த்தை மாத்தக் கூடாதுன்னு. மாத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க. அவங்க எழுதறப்ப கண்ணைத் தொடச்சிக்கிறாங்க. அதையும் எழுதச் சொன்னேன், முறைக்கிறாங்க.

உன் கடுதாசியை எல்லார் எதிர்லயும் படிக்கச் சொன்னது நான்தான். டீச்சர் வேணாம்னாங்க. சார் இருந்தாரு, இங்கத்து வழிகாட்டி ரெண்டு பேரும் இருந்தாங்க. அவங்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனா என் மூஞ்சைப் பாத்து எழுந்து வெளிய போய்ட்டாங்க. படிச்சு முடிச்சதும் நான்தான் பொய் சொன்னேன்னு சார்கிட்ட சொன்னேன். சார் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. ரெண்டு நாள் என்கூடப் பேசவே இல்ல.

ஏன் செஞ்சேன்னு கேட்ட. சொல்றேன்.

அன்னிக்குக் காலேஜ்ல மேசை மேல சாரோட பெரிய நோட்டு இருந்துச்சு. நம்ம காட்டுச் செடி எல்லாம் அதுலதான் எழுதி வச்சிருக்காரு. ஒவ்வொரு செடிக்குக் கீழயும் யார் சொன்னதுன்னு எழுதுவாராம். சந்தோஷமா எனக்குப் படிச்சுக் காட்டினாரு. பாஞ்சாலை சொன்னது. பாஞ்சாலை சொன்னது. பக்கம் பக்கமா அதான். என் பேரு எங்க சார்னு கேட்டேன். தேடினாரு. கடைசிப் பக்கத்துல ஒரே எடத்துல இருந்துச்சு. மூட்டை, சின்னக்குழந்தை.

நாலு வருஷம் நான்தான முன்னால நடந்தேன். நான்தான வழி காட்டினேன்னு இருந்தேன். முன்னால போனவன் வழியை மட்டும்தான் பாத்திருக்கேன். காட்டைப் பாத்தது நீ. அது அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்ச அந்த நேரத்துலயே சார் வடக்கே போறவங்க லிஸ்டை எடுத்து உன் பேரைப் படிச்சாரு. வூட்டுக்கு வந்து சொல்லிடணும்னுதான் பஸ் ஏறினேன். நீ வாசல்ல நின்னுக்கினு இருந்த. வடக்கே போக ஒரு ஆளைக் கூப்பிடுறாங்கன்னு ஆரம்பிச்சேன், யாரைன்னு கேட்ட. என் வாயி என் பேரைச் சொல்லிடுச்சு. அப்புறம் எடுத்துக்க முடியல. எடுத்துக்கவும் மனசு வரல. அதான் நெசம்.

இங்க நான் முன்னால நடக்கறதில்ல பாஞ்சால. இந்த ஊர் ஆளுங்க முன்னால போறாங்க, அப்புறம் சாரு, டீச்சரு, நான் மூட்டையோட கடைசி. எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்ல. ஆனாலும் வழி பிரியற எடம் வந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது. கீழ தழை ஒடிச்சுப் போட்டேன். மேல போகப் போக மரமே கிடையாது, புல்லை முடிஞ்சு போட்டேன். பனியில புல்லும் இல்லாத எடத்துல இன்னா செய்யறதுன்னு தெரியாம நின்னுட்டேன். டீச்சர் திரும்பி வந்து, யாருக்கு அண்ணே போடுறீங்கன்னு கேட்டாங்க. குனிஞ்சு மூட்டைக் கயிறை இறுக்கிக் கட்டினேன்.

அந்த மூணு செடியை நானும் மோந்து பாத்தேன். எனக்கு மூணும் ஒரே வாசனைதான்.

நேத்து சார் பேசினாரு. மார்கழியில அஸ்ஸாம் பக்கம் மலைக்குப் போறாங்களாம். இந்தத் தடவை யார் மூலமாவும் சொல்லி அனுப்ப மாட்டேன், நானே புளிச்சங்கொல்லைக்கு வந்து பாஞ்சாலைகிட்ட கேக்கறேன்னு சொன்னாரு. நான் சரின்னேன். என்கிட்ட அவர் கேக்கல, நானாத்தான் சொன்னேன்.

செப்டம்பர் நாலு வெள்ளிக்கிழமை மீனம்பாக்கத்துல இறங்கி வேலூர் வந்துடுவோம். அன்னிக்கு காலேஜ்லயே தங்கிட்டு சனிக்கிழமை மத்தியானம் ஆலங்காயத்துல மலை பஸ் பிடிப்பேன். மீனம்பாக்கத்துக்கு வர்றதானா வா. வராதன்னு எழுதினது, நீ வந்தா சாரைப் பாப்பியேங்கற பயத்துல.

மிட்டாய் பையிலயே ஒட்டிக்கிச்சு. ஆனா இருக்குது.

வூடு திறந்திருக்குமா?

சின்னக்குழந்தை


வேலூர் காலேஜ் வாசல்
1-9-1981

மாமாவுக்கு பாஞ்சாலை.

எழுதறதா இல்லைன்னு சொன்னேன். கவர் வீணாப் போகுதேன்னு எழுதறேன். இதைத் தபால்ல போடல. நானே கையில கொண்டாந்து வாட்ச்மேன் குப்பன்கிட்ட குடுத்திருக்கேன். நீ வெள்ளிக்கிழமை வந்ததும் குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு. டீச்சரம்மா, கடைசியா ஒரு தடவை படிச்சுக் காட்டிடுங்க. உங்க பொண்ணுக்கு ஒரு பாட்டில் தேன் வச்சிருக்கேன், நல்ல மலைத்தேன். உங்க மேல பட்ட பொறாமையை எல்லாம் வாபஸ் வாங்கிட்டேன். கையெழுத்து மேல இருக்கிறதை மட்டும் வச்சிக்கிறேன்.

ஆமாம் மாமா, வேலூர் வரைக்கும் வந்துட்டேன். தனியா. ஆலங்காயம் ஒரு பஸ், வாணியம்பாடி ஒரு பஸ், வேலூர் ஒரு பஸ். மூணுலயும் ஜன்னலோரம். ஒரு சொட்டு வரல. என் பக்கத்துல உக்காந்த ஒரு வாத்தியார்தான் எடுத்தாரு. அவருக்குப் பழம்புளி குடுத்து, ரோட்டைப் பாருங்க, கீழே குனியாதீங்கன்னு சொல்லிக் குடுத்தேன்.

மீனம்பாக்கத்துக்கு வரல. ப்ளேன் இறங்கறதை இனிமே வேடிக்கை பாக்கறதா இல்லை. மார்கழியில உள்ளேர்ந்தே பாத்துக்கறேன். சார் மலைக்கு வந்து கேக்கட்டும், மரியாதையாக் கேக்கட்டும், நான் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நிப்பேன். நீ ஆட்டைப் பாத்துக்கோ. எனக்குக் கடுதாசி போடணும்னா எழுத ஆள் தேடிக்கோ. பெரியம்மாளுக்கு அஞ்சாம் கிளாஸ் தெரியும். அவளை வச்சு எழுதிக்கோ, எனக்குப் பொறாமை கிடையாது. இருந்தாலும் அவளைத் திண்ணைக் கதையெல்லாம் பேச விடாதே, எழுதினா ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது, வாசல்லயே உக்கார வச்சு எழுதி அனுப்பிடு.

அந்த நோட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். சார் வந்தாத்தான் பூட்டைத் திறப்பாங்களாம். மாமா, உன் பேரு ஒரே ஒரு தடவைதான் இருந்துச்சுன்னு எழுதின எடத்தை நான் ரெண்டு தடவை படிச்சேன். அது தப்புதான். நீ தழை போடலைன்னா நான் அந்தச் செடிங்ககிட்ட போயே சேர்ந்திருக்க மாட்டேன். அதை சார்கிட்ட நானே சொல்வேன். ஆனா இதை என்கிட்ட வந்து சொல்லியிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன், காராபூந்தியும் மிச்சமாகியிருக்கும்.

இப்ப சனிக்கிழமை விஷயம். ஆலங்காயத்துல மலை பஸ்ல நான் உக்காந்திருப்பேன். முன்சீட்டு, இடது பக்கம். ஜன்னலோரம் எனக்கு. நீ இந்தப் பக்கம் உக்காரு. குமட்டினா சொல்லு, ஒரு நிமிஷம் விலகறேன். எடுத்து முடிச்சதும் எடம் மறுபடி எனக்கு. முனியனுக்கும் சொல்லி வச்சிட்டேன்.

இறங்கினதும் நீ நில்லு. நான் முன்னால போய்டுவேன். ஒரு வெத்தலை போடற நேரம் கழிச்சுத்தான் நீ கிளம்பணும். பஸ் நிக்கிற எடத்துலேர்ந்து நம்ம வூடு வரைக்கும் மூணு எடத்துல வழி பிரியுது, உனக்கே தெரியும். முதல் ரெண்டுலயும் நான் தழை போட்டுக்கினே போவேன், ஒழுங்கா, போகக் கூடாத வழியில மட்டும். நம்பி வா. மூணாவது பிரிவுல ஒரு பக்கம் நம்ம வூடு, மறு பக்கம் உங்க அண்ணன் வூடு.

வூடு திறந்திருக்குமான்னு கேட்ட. சாமை குத்தி வச்சிருக்கேன். எத்தனை பேருக்குன்னு சொல்ல மாட்டேன். மூணாவது பிரிவுல தழை எந்தப் பக்கம் கிடக்குதுன்னு வந்து பாத்துக்கோ.

மிட்டாயைத் தின்னுடாதே. அது என்னுது.

பாஞ்சாலை